ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் புதிதாகச் சேருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பி.ஆர்க். முடித்துவிட்டுப் புதுச்சேரியிலோ கடலூரிலோ ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் சேருகிற பிள்ளைகள் டிசைனில் சொதப்புவது குறைவு. டிராயிங்கை சைட்டில் யார் கையில் வைத்துப் பார்ப்பார்கள் என்று யோசிக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது.

அளவையே எடுத்துக்கொள்வோம். ஆபீஸில் எல்லாம் மில்லிமீட்டர், சைட்டில் அடி, இன்ச். நாம் 230 என்று போடுவது மேஸ்திரிக்கு ஒன்பது இன்ச் சுவர். மற்ற அளவுகளையும் அவர் மனக்கணக்கில்தான் மாற்றுவார். அதில் அரை இன்ச் தவறினால், ஜன்னல் ஃப்ரேம் வந்து இறங்கும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் கதவு, ஜன்னல் திறப்புகளுக்கு இரண்டு அளவையும் எழுதுங்கள். பூச்சுக்கு முந்தைய அளவா, பிந்தையதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அளவே போடாமல் விடுவது இன்னும் மோசம். ஏ2 தாளுக்கு ஸ்கேல் வைத்ததை யாரோ ஏ3-யில் பிரிண்ட் எடுத்திருப்பார்கள். மேஸ்திரி டேப்பைத் தாள்மேலேயே வைத்து அளந்துவிடுவார். அது அவர் குற்றம் இல்லை.

ரிவிஷனை, அதாவது திருத்திய டிராயிங்கை, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மேஸ்திரியின் சட்டைப் பையில் நாலாக மடித்து, வியர்வையில் நைந்துபோன பழைய பிரிண்ட் இருக்கும். வேலை அதைப் பார்த்துத்தான் நடக்கும். புதியதை நேரில் கொடுத்து, பழையதைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். தேதியும் ரிவிஷன் எண்ணும் இல்லாத தாள் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய விஷயம், உப்புக்காற்று. வேறு ஊர் வேலைக்குப் போட்ட பழைய ஃபைலிலிருந்து குறிப்புகளை அப்படியே காப்பி அடிப்பது எல்லா ஆபீஸிலும் நடக்கிறது. கடலைவிட்டுத் தள்ளி, உப்புக்காற்று படாத ஊரில் ஸ்லாபுக்கு 20 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) போதும் என்று எழுதியிருப்பார்கள். கடற்கரைச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கலவையும் 45 மி.மீ. கவரும். கவர் குறைந்தால் உப்பு சீக்கிரம் கம்பியை எட்டும். கம்பி துருப்பிடித்து வீங்கும், சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். கம்பி டிராயிங் இன்ஜினியர் பொறுப்புதான், சரி. ஆனாலும் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகைத் தட்டு) மேல் ஏறி ஒரு பார்வை பாருங்கள். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகி வைத்திருந்தால் அப்போதே சொல்லி மாற்ற வைக்கலாம்.

புதுச்சேரி ஆபீஸ்களுக்குப் பழைய வீட்டு வேலைகளும் வரும். சுண்ணாம்பில் கட்டிய சுவரில் விரிசலைப் பார்த்ததும் ‘சிமெண்ட் பூச்சு’ என்று எழுதிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். எழுதும் முன் சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். வைசியாள் வீதியில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்த வீடுகளை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். திண்ணையும் தாழ்வாரமும் எப்படிச் சேர்கின்றன என்பது எந்தப் பாடத்தையும்விட அங்கே நன்றாகப் புரியும்.

மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து ரெண்டர் (கம்ப்யூட்டர் படம்) போடும் ஆசையும் வரும். சாயங்கால வெயில் அதன் வழியே நேராக உள்ளே இறங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். 1930களில் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி இதே புதுச்சேரியில்தான் இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் திருப்பித் திறக்கும் பலகைகளை வைத்தே அதில் காற்றை வரவழைத்தார்கள்.

அப்புறம், ஆபீஸ் டிராயிங்கைக் கேட்காமல் போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அதில் உங்கள் பங்கு எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். டிகிரி கையில் வந்தாலும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யும்வரை பெயருக்கு முன்னால் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. விசிட்டிங் கார்டு அடிப்பதற்கு முன் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.