பழத்தில் மொய்க்கும் குட்டி ஈ: என்ன இனம் என்று பார்ப்பது எப்படி?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய வாழைப்பழம் கறுக்கத் தொடங்கினால் போதும், குட்டி ஈக்கள் வந்துவிடும். கொசு என்று விரட்டிவிடுகிறோம். மழைக்காடுகள் நிறைந்த இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து 1858-ல் விவரிக்கப்பட்ட டிரோசோஃபிலா அனனாசே என்ற ஈயாகக்கூட அது இருக்கலாம். தென்னிந்தியா முழுக்க இந்த இனம் பரவியிருக்கிறது.

முதலில் பிடிப்போம். பாட்டிலில் கனிந்த பழத்துண்டைப் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகுங்கள். காலையும் மாலையும்தான் இவை சுறுசுறுப்பாக இருக்கும். சிக்கியதும் மூடி, ஃப்ரீசரில் சில நிமிடம் வையுங்கள், மயங்கிவிடும். வெறும் தட்டில் கொட்டினால் ஈரம் கோத்து இறக்கை ஒட்டிக்கொள்ளும். அதனால் டிஷ்யூ தாளில் கொட்டுங்கள்.

பத்து மடங்கு லென்ஸில் இறக்கையைப் பாருங்கள். ஒரே ஜோடிதான் இருக்கும். அதற்குப் பின்னால் குண்டூசித் தலை போல இரண்டு சிறு குமிழ்கள். பறக்கும்போது உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்பவை இவைதான். இவை இருந்தால் 'இருசிறகி' வரிசை, அதாவது ஈ, கொசு எல்லாம் அடங்கிய பெரும்பிரிவு.

அடுத்தது குடும்பம். சிவந்த கண், உணர்கொம்பில் இறகு போலக் கிளைத்த முடி, இறக்கையின் முன்விளிம்பு நரம்பில் இரண்டு சின்ன வெட்டு, இத்தனையும் இருந்தால் டிரோசோஃபிலிடே. கூன் முதுகோடு விட்டுவிட்டு ஓடினால் அது ஃபோரிட் என்ற வேறு குடும்பம். மாந்தோப்புக்காரர்கள் பழ ஈ என்று சொல்வது இன்னொரு குடும்பம், உருவத்திலும் பெரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இனம் பார்க்க ஆண் ஈ வேண்டும். பல இனங்களில் ஆணின் முன்காலில் கறுப்பாகச் சீப்பு போன்ற முட்கள் இருக்கும். லென்ஸில் புள்ளியாகத்தான் தெரியும், பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வரிசை பிரிந்து தெரியும். அழகான காட்சி அது, அவசரப்படாதீர்கள். பாதத்தின் முதல் கணுவில் மட்டும் ஒரே வரிசை, வயிற்று நுனியும் பளபளவென்று கறுப்பு என்றால் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற இனம் அல்லது அதன் நெருங்கிய உறவு. உடல் வெளிர் பழுப்பு, வயிற்று நுனியில் கறுப்பில்லை, சீப்பு ஒன்றுக்கு மேற்பட்ட கணுக்களில் குறுக்குக் குறுக்காகப் பல வரிசை என்றால் அனனாசே பக்கம் வந்துவிட்டோம்.

பக்கம் என்றுதான் சொல்கிறேன். பைபெக்டினேட்டா போன்ற நெருங்கிய உறவுகளும் இங்கே உண்டு. ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் முடிவாகும். அதுவரை 'அனனாசே குழு' என்றே எழுதுங்கள். பெண் ஈ மட்டும் கிடைத்தால் 'டிரோசோஃபிலா' என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

அப்புறம், நிறம் மங்குவதற்குள் படம் எடுத்துவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். உள்ளே ஒரு சீட்டில் தேதி, ஊர், என்ன பழம் என்று பென்சிலால் எழுதிப் போடவேண்டும், பேனா மை கரைந்துவிடும். வேலூரில் பிடித்ததையும் ஏலகிரியில் பிடித்ததையும் ஒரே புட்டியில் சேர்க்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் பிடிப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே போங்கள்.