பின் டயரைத் தூக்கிப் போடும் முன் திருப்பிப் போடுங்கள்

டர்ட் பைக்கின் பின் டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்கள் குட்டையாவதற்கு முன்பே மழுங்கிவிடும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மண்ணைப் பின்னால் தள்ளுவது ஒவ்வொரு பட்டனிலும் ஒரு பக்க விளிம்புதான். அது உருண்டையானதும், பாதிக்கு மேல் உயரம் மிச்சமிருந்தாலும் ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுற்றும். அதே பட்டனின் மறுபக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், இன்னும் கூராக இருக்கும். டயரைத் திருப்பி மாட்டினால் அந்த விளிம்பு வேலைக்கு வரும்.

இது டயரின் பக்கவாட்டில் சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறிக்கு எதிராகப் போடுவது. மண்ணில் மட்டும் ஓடும் பைக்குக்குத்தான் சரி. தார் ரோட்டிலும் ஓட்டுவீர்கள் என்றால் வேண்டாம். பட்டனின் அடியில் வெடிப்பு தெரிந்தாலும் வேண்டாம்.

கழற்றும் முன் செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க விட்டு, டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் ரிம் லாக்கின் நட்டைத் தளர்த்தி, லாக்கை உள்ளே தள்ளுங்கள். தள்ளாமல் லிவர் போட்டால் எவ்வளவு முக்கினாலும் டயர் வராது. மூன்று லிவரும் சோப்புத் தண்ணீரும் போதும். ஒரு பக்கம் வெளியே வந்ததும் ட்யூபை உருவிவிட்டு, மறுபக்கத்தையும் கழற்றுங்கள்.

மாட்டும்போது ட்யூபுக்குப் பவுடர் தூவி, உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றுங்கள். கடைசி ஒரு சாண் ஏற மறுத்தால் லிவரை அழுத்தாதீர்கள். ட்யூப் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். எதிர்ப்புறத்தை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தினால் இந்தப் பக்கம் தானாகத் தளரும். 30 பிஎஸ்ஐ வரை ஏற்றி, ரிம்மை ஒட்டியுள்ள கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ரிம் லாக்கை இறுக்கி, காற்றை 13 – 14க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பாறை அதிகம் என்றால் 16 வையுங்கள், இல்லாவிட்டால் ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். ட்யூப் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கட்டும்.

சக்கரத்தை மாட்டியதும் பிரேக் மிதியைப் பலமுறை மிதியுங்கள். விலகிய பேட் திரும்ப ஒட்டும்வரை முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

இரண்டு பக்கமும் மழுங்கிய பிறகு, நடுவரிசைப் பட்டன்களின் உருண்ட விளிம்பை 2 மி.மீ. அளவுக்கு நேராகச் சீவலாம். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், அடிவரை வெட்டாதீர்கள். பிடிமானம் கொஞ்சம் திரும்பும், ஆனால் ரப்பர் போவதால் ஆயுள் குறையும். காய்ந்து இறுகிய பழைய டயரில் இதைச் செய்தால் பட்டன் பிய்ந்துகொண்டு போகும்.

முன் டயரில் இந்தச் சிக்கனம் எதுவும் கூடாது. பின் டயர் வழுக்கினால் வால் ஆடும், பிடித்து நிறுத்தலாம். முன் டயர் வழுக்கினால் நேரே தரைதான்.