ஓவன் வேண்டாம்: பிள்ளைகள் கையால் செய்யும் ஹாலோவீன் தின்பண்டங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை வேடம் போட்டு மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாயைக் கொடுப்பதுதான் வழக்கம். முன்பின் தெரியாத வீட்டில் செய்த பண்டத்தைப் பெற்றோர் சாப்பிட விடமாட்டார்கள். வீட்டில் செய்ததைப் பல பள்ளிகளும் வகுப்புக்குள் அனுமதிப்பதில்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் உங்கள் வீட்டுக்கும், உங்கள் வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைகளுக்கும்.

ஓவன் இல்லையே தவிர, சூடு உண்டு. சாக்லேட்டையும் மார்ஷ்மெல்லோவையும் (பஞ்சு போன்ற சர்க்கரை மிட்டாய்) உருக்க வேண்டும். அது பெரியவர் வேலை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நொறுக்குவது, உருட்டுவது, ஒட்டுவது எல்லாம் பிள்ளை வேலை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கண் நேராக இருக்கவேண்டும் என்று அம்மா ஒட்டிக்கொண்டிருப்பார், பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கண் கோணலாகவே இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். ஐந்து வயதுக் குழந்தையின் பொறுமை அரைமணி நேரம் தாங்கும். இரண்டு பண்டம் போதும்.

மம்மி பிஸ்கட்

மம்மி என்பது துணி சுற்றிப் பதப்படுத்திய பழைய எகிப்தியப் பிணம், பிஸ்கட்டை அதன் முகம் மாதிரி செய்யப் போகிறோம். தேவை: கிரீம் வைத்த சாக்லேட் பிஸ்கட் 12, வெள்ளைச் சாக்லேட் 200 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, சர்க்கரையில் செய்த மிட்டாய்க் கண்கள் 24. கண்கள் கிடைக்காவிட்டால் குட்டிச் சாக்லேட் சிப்ஸ் வைக்கலாம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எப்படியும் சிப்ஸ்தான் நல்லது, மிட்டாய்க் கண் கல் மாதிரி இருக்கும்.

இந்தப் பண்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் சாக்லேட் உருக்கும் இடத்தில்தான். வெள்ளைச் சாக்லேட்டுக்கு இரண்டு விரோதிகள்: அதிகச் சூடும் ஒரு சொட்டுத் தண்ணீரும். கிண்ணத்தையும் கரண்டியையும் துணியால் துடைத்து, ஈரம் இல்லை என்று கைவைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் 30 விநாடி வையுங்கள், எடுத்துக் கிளறுங்கள். பிறகு 15 விநாடி, மறுபடி கிளறல். உள்ளே இளகிய பிறகும் சாக்லேட் துண்டு வெளியே உருக்குலையாமல் நிற்கும். "இன்னும் உருகவில்லையே" என்று மேலும் ஒரு நிமிடம் வைப்பவர்களுக்குக் கருகிப்போகும். கால்பங்கு கட்டி மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டுக் கிளறினால், கிண்ணத்தின் சூட்டிலேயே மீதியும் கரையும். தேங்காய் எண்ணெயை அப்போது சேருங்கள்.

கலவை திடீரென்று திப்பித்திப்பியாகத் திரண்டுவிட்டால் தண்ணீர் பட்டிருக்கிறது என்று பொருள். அந்தத் துளி ஈரத்தை அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறினால் ஓரளவு மீளும். சாதாரண உணவு நிறமியும் தண்ணீரில் கரைத்ததுதான் என்பதால் அதைச் சாக்லேட்டில் ஊற்றினாலும் இதே கதிதான். பச்சை, ஆரஞ்சு நிறம் வேண்டுமென்றால் எண்ணெயில் கரைத்த நிறமி வாங்குங்கள், அல்லது நிறம் ஏற்கெனவே கலந்த கேண்டி மெல்ட்ஸ் (உருக்கிப் பூசும் மிட்டாய் வில்லைகள்) வாங்குங்கள்.

பிஸ்கட்டின் மேல்பக்கம் மட்டும் மெல்லியதாகத் தடவி, ஈரமாக இருக்கும்போதே இரண்டு கண்களை வைக்கச் சொல்லுங்கள். இறுகிய பிறகு வைத்த கண் உதிர்ந்துவிடும். மீதிச் சாக்லேட்டை ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, மேலே முறுக்குங்கள். பை கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். அதன் பிறகு ஒரு மூலையை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் கட்டுத்துணி மாதிரி வராது, கொட்டிவிடும். பையைப் பிஸ்கட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, இந்த ஓரத்தைத் தாண்டி அந்த ஓரம், அதைத் தாண்டி இந்த ஓரம் என்று வேகமாக வீசவேண்டும். மெதுவாக நகர்த்தினால் கோடு நெளியும், நடுவில் குளம் கட்டும். அடியில் மெழுகுத்தாள் விரித்திருந்தால் வெளியே விழுந்ததைச் சுரண்டித் தின்னப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். குளிர்ப்பெட்டியில் 15 நிமிடம் வைத்தால் இறுகிவிடும்.

எட்டுக்கால் பூச்சி

இதற்கும் அதே பிஸ்கட்தான், கூடவே மெல்லிய பிரெட்ஸல் குச்சி (மொறுமொறுப்பான உப்புப் பிஸ்கட் குச்சி). குச்சியைக் கிரீமுக்குள் நேராகக் குத்தினால் பிஸ்கட் பிளந்துவிடும். பிஸ்கட்டைத் திருகித் திறந்து, பக்கத்துக்கு நாலாக எட்டுக் குச்சிகளைக் கிரீமில் அழுத்தி, ஒரு சொட்டு உருகிய சாக்லேட் வைத்து மூடுங்கள். கால்களை எண்ணி வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். பெரும்பாலும் ஆறோடு நிறுத்திவிடும், ஆறுகால் பூச்சிக்கும் எட்டுக்கால் சிலந்திக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லித்தர நல்ல நேரம் அதுதான்.

பூசணி உருண்டை

அரிசிப் பொரியும் மார்ஷ்மெல்லோவும் சேர்ந்த இந்தப் பண்டம் 1939-இல் அமெரிக்காவின் கெலாக்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள் உருவாக்கியது. அளவு: வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, மார்ஷ்மெல்லோ ஒரு பை (283 கிராம்), ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற அரிசிப் பொரி 6 கப். எலுமிச்சை அளவில் சுமார் 20 உருண்டை வரும்.

வெண்ணெயைச் சிறுதீயில் உருக்கி மார்ஷ்மெல்லோவைப் போட்டுக் கிளறுங்கள். கடைசிக் கட்டி கரைவதற்குள் அடுப்பை அணைத்துவிடுங்கள். தீயைக் கூட்டினால் சர்க்கரைப் பாகு முற்றி, ஆறிய பின் பல்லை உடைக்கும். இங்கே சாதாரண நிறமியே போதும், தண்ணீர் பட்டால் மார்ஷ்மெல்லோ கோபித்துக்கொள்ளாது. நாலு சொட்டு மஞ்சளுக்கு ஒரு சொட்டுச் சிவப்பு என்ற கணக்கில், பிடித்த ஆரஞ்சு வரும்வரை சேருங்கள். நிறமியைப் பொரி கொட்டுவதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். பிறகு சேர்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும்.

உருகிய மார்ஷ்மெல்லோ தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பொரி கலந்து மூன்று, நான்கு நிமிடம் ஆறவிட்டு, முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகே பிள்ளைகள் கையில் வெண்ணெய் தடவி உருட்டட்டும். பொரி உருண்டைக்கு இறுக்கிப் பிடிப்போமே, அந்தப் பிடி இங்கே ஆகாது. இறுக்கினால் பொரி நொறுங்கி உருண்டை கல்லாகும், ஒட்டுகிற அளவு போதும். உச்சியில் காம்புக்கு ஒரு பிரெட்ஸல் துண்டு. பல்குச்சி குத்தாதீர்கள், யாராவது கடித்துவிடுவார்கள்.

சைவ வீடுகள் கவனிக்க: வட அமெரிக்கக் கடைகளில் சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. கம்மி புழுக்களிலும் (புழு வடிவ ஜெல்லி மிட்டாய்) வழக்கமாக ஜெலட்டின் உண்டு, கேண்டி கார்ன் என்ற சோளமணி வடிவ மிட்டாயிலும் உண்டு. ஜெலட்டின் இல்லாத வீகன் மார்ஷ்மெல்லோ (டான்டீஸ் போன்றவை) கிடைக்கிறது. அது மெதுவாக உருகும், கொஞ்சம் கெட்டியாக நிற்கும். வெண்ணெயை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு மாட்டு ஜெலட்டினில் செய்த ஹலால் முத்திரைப் பைகளும் உண்டு.

கல்லறை மண் கிண்ணம்

இன்ஸ்டன்ட் சாக்லேட் புட்டிங் ஒரு பெட்டி (110 கிராம்), குளிர்ந்த பால் 2 கப். இரண்டு நிமிடம் அடித்து ஐந்து நிமிடம் விட்டால் இறுகும். பெட்டியில் "இன்ஸ்டன்ட்" என்று இருக்கிறதா பாருங்கள், அடுப்பில் காய்ச்சுகிற வகையும் அதே அலமாரியில் அதே முகத்தோடு இருக்கும். மாட்டுப் பாலுக்குப் பதில் சோயாப் பாலோ பாதாம் பாலோ ஊற்றினால் சரியாக இறுகாது, நீர்க்கவே நிற்கும்.

15 சாக்லேட் பிஸ்கட்டை ஜிப் பையில் போட்டுப் பூரிக்கட்டையால் அடித்து நொறுக்கக் கொடுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் இந்த வேலை பிடிக்கும். சிறு கிண்ணங்களில் புட்டிங், மேலே பிஸ்கட் மண். நீள்வட்ட பிஸ்கட்டைக் கல்லறைக் கல்லாகச் செருகுவதைப் பரிமாறும் நேரத்துக்கு விடுங்கள். முன்பே செருகினால் ஊறிச் சாய்ந்துவிடும்.

சர்க்கரை போதும் என்று தோன்றினால் உரித்த மாண்டரின் ஆரஞ்சின் உச்சியில் செலரித் தண்டுத் துண்டு ஒன்று, அது பூசணி. குறுக்கே பாதியாக வெட்டி நிற்கவைத்த வாழைப்பழத்தில் மூன்று சாக்லேட் சிப்ஸ், அது பேய். பழத்தில் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பது தள்ளிப்போகும். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுத் திராட்சை, முழு மார்ஷ்மெல்லோ, கொட்டைப் பருப்பு தரவேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

வரும் பிள்ளைகளின் ஒவ்வாமையைப் பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பொரி அரிசிதானே என்று நம்பி, கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாத பிள்ளைக்குப் பூசணி உருண்டையைக் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் விற்கும் ரைஸ் கிரிஸ்பீஸில் பார்லி மால்ட் சேர்கிறது. எல்லா உறைகளையும் விருந்து முடியும்வரை தூக்கிப்போடாமல் ஒரு தட்டில் வைத்திருங்கள்.

மம்மியும் சிலந்தியும் இரண்டு மூன்று நாள் முன்பே செய்து மூடிய டப்பாவில் வைக்கலாம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால் டப்பாவை உடனே திறக்காதீர்கள், சாக்லேட் மேல் நீர் பூத்துப் பிசுபிசுக்கும். பூசணி உருண்டையை வெளியிலேயே காற்றுப் புகாமல் வையுங்கள், இரண்டு நாள் மென்மையாக இருக்கும். குளிரில் வைத்தால் இறுகிவிடும். மண் கிண்ணத்தை முந்தின நாள் இரவு செய்து குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள். வாழைப்பழப் பேயை மட்டும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு வெட்டுங்கள்.