அடிதடி நகைச்சுவைப் படத்தை எப்படிப் பார்ப்பது?

உதை வாங்குவதையும் வழுக்கி விழுவதையும் நம்பி எடுக்கப்பட்ட படங்களைத் திட்டிக்கொண்டே சிரிப்பவன் நான். அத்தகைய படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். இந்தச் சிரிப்பு பக்கத்து இருக்கையிலிருந்து தொற்றுவது.

பிடித்த காட்சி ஒன்றை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். 1928இல் வெளியான 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முன்சுவர் முழுவதும் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மீது சாய்கிறது; மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் அவர் தப்புகிறார். கேமரா தள்ளி நின்று முழு ஆளையும் முழுச் சுவரையும் காட்டுவதால்தான் அந்த ஆபத்தை நம்புகிறோம். 'டொய்ங்' என்ற ஓசையை நம்பியிருக்கும் காட்சியோ, ஒலி நின்றதும் செத்துவிடும்.

பிறகு, அடி எதற்காக விழுகிறது என்று கவனியுங்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணியின் கோபத்தைவிட, செந்தில் அப்பாவி முகத்தோடு அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதே சிரிப்பைக் கூட்டுகிறது. ஆனால் உருவத்தையும் நிறத்தையும் பழிக்கும் வசைகளுக்கு, சிறுவயதில் வயிறு குலுங்கச் சிரித்த நான், இன்று பிள்ளைகள் அருகில் இருக்கும்போது ரிமோட்டைத் தேடுகிறேன். அப்படிக் கூசும் இடங்களைத் தாண்டி ஓட்டாமல், எதற்காகக் கூசியது என்று அவர்களிடமே பேசிவிடுங்கள்.