நீர்க்கடுப்பு வந்தால் வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்த ரெண்டாவது நிமிஷமே மறுபடி முட்டுகிறது, போனால் நாலு சொட்டு, அதுவும் மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி எரிச்சல், அடிவயிற்றில் ஒரு பாரம். "சூடு பிடிச்சிருக்கு, இளநீர் குடி, சரியாப் போயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். வெயில் நாளில் தண்ணீர் போதாமல் சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போனாலும் எரியும்தான். ஆனால் அது ரெண்டு சொம்பு தண்ணீர் உள்ளே போய்ச் சிறுநீர் வெளுத்ததும் அடங்கிவிடும். நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகும் எரிச்சலும் முட்டுவதும் விடவில்லை, சிறுநீர் கலங்கலாகவோ நாற்றத்தோடோ போகிறது என்றால் உடம்புச் சூட்டைச் சந்தேகப்படாதீர்கள், கிருமியைச் சந்தேகப்படுங்கள்.

அந்தக் கிருமி பெரும்பாலும் நம் குடலிலேயே குடியிருக்கிற ஈ.கோலைதான். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் போல. துவாரத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை தூரம் அவ்வளவு குறைவாக இருப்பதால் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. அதனால் வந்தவளைப் பார்த்துச் சுத்தமில்லை என்றோ வேறு விதமாகவோ யாரும் பேச வேண்டாம். அந்தக் கூச்சத்தில்தான் பல பேர் ஒரு வாரம் வெளியே சொல்லாமல் கிடக்கிறார்கள்.

முதல் நாள் வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தண்ணீர் நிறைய, முட்டும்போதெல்லாம் அடக்காமல் போவது, அடிவயிற்றில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை, வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால். காபி, டீயைக் கொஞ்சம் குறையுங்கள், சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். நீர்மோரும் பார்லித் தண்ணீரும் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் தண்ணீர் உள்ளே போகிறது என்பதுதான் அவற்றின் பலன், கிருமியை அவை கொல்லாது. மெடிக்கலில் தருகிற சிட்ரேட் சிரப்பும் அப்படித்தான், எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவுதான். கிட்னி, இதயக் கோளாறு இருந்து டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இதையெல்லாம் உங்கள் இஷ்டத்துக்குச் செய்யாதீர்கள், முக்கியமாக இளநீரில் பொட்டாசியம் அதிகம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள், சர்க்கரை உள்ளவர்கள், கிட்னியில் கல் இருப்பவர்கள், சிறுநீர் போக டியூப் போட்டிருப்பவர்கள் வெறும் எரிச்சலுக்கே போய்விட வேண்டும். மற்றவர்கள் ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள் பார்க்கலாம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். அப்புறம், அரிப்பும் வெள்ளைப்படுதலும்தான் பெரிதாக இருக்கிறது என்றால் அது வேறு தொற்றாக இருக்கும், அதற்கு மருந்தும் வேறு.

இனி ஒரு கெஞ்சல். போன தடவை மீந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போடாதீர்கள். என் அக்கா அப்படித்தான் ஒரே வருஷத்தில் மூன்று முறை, ரெண்டு நாள் மாத்திரை, எரிச்சல் குறைந்ததும் நிறுத்தம் என்று ஓட்டினாள். நாலாவது முறை காய்ச்சலோடு படுத்தபோது கல்ச்சர் எடுத்தார்கள், அதாவது சிறுநீரில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று லேபில் பார்க்கிற டெஸ்ட்; அவள் வழக்கமாகப் போட்டுவந்த மாத்திரைக்கு நேரே இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது என்று ரிப்போர்ட் வந்தது. அடிக்கடி வருகிறவர்கள் முதல் மாத்திரை போடும் முன்பே கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி விரலால் விலக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு நடுவில் வருவதை டப்பாவில் பிடியுங்கள். மூடியின் உட்பக்கம் விரல் படக் கூடாது. வீட்டில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். ரிசல்ட் வர ரெண்டு மூன்று நாளாகும். டாக்டர் எத்தனை நாள் மருந்து எழுதினாரோ அத்தனை நாளும் போட வேண்டும்.

அக்காவுக்கு ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸில் இருந்தாள். பாத்ரூம் மேல்மாடியில், போக ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், தீபாவளி சீசனில் கேட்கவே முடியாது. அதனால் காலை டீயோடு சரி, ராத்திரி வரை தண்ணீரே குடிக்க மாட்டாள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் நேரம் தருவதும் அதே அளவு அவசியம், முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து செய்யுங்கள். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தண்ணீர் குறைவாகக் குடிக்கிற, அடிக்கடி தொற்று வருகிற 140 பெண்களில் ஒரு பாதியைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவைதான் வந்தது, மற்றவர்களுக்கு 3.2. இவ்வளவு மலிவான தடுப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்போது அக்கா வேறு வேலையில் இருக்கிறாள், ஒரு லிட்டர் பாட்டிலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, சாயங்காலத்துக்குள் இன்னொன்று என்று காலி செய்கிறாள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை முட்டாவிட்டாலும் போய்விட்டு வருகிறாள்.

கழுவும்போது முன்னாலிருந்து பின்னால்தான் கை போக வேண்டும். பின்னாலிருந்து ஹெல்த் ஃபாசட்டை வேகமாக முன்னால் அடிப்பது கிருமியை நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பது மாதிரி. உடலுறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். வாசனை வாஷ் எதுவும் அந்த இடத்துக்குத் தேவையில்லை, வெளியே தண்ணீர் போதும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரி செய்யுங்கள், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்திச் சிறுநீர் முழுதாக வெளியேற விடாது.

மாதவிடாய் நின்ற பிறகு அம்மாவுக்கு அடிக்கடி வருகிறது என்றால், பிறப்புறுப்புக்குள் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள், நல்ல பலன் உண்டு, அம்மாக்கள் தாங்களாக வாய் திறந்து கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கழிவறை பிடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு ஓடி வருகிற பெண் பிள்ளை இருந்தால் டீச்சரிடம் பேசுங்கள். கைக்குழந்தைக்குச் சளி இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தால் டாக்டரிடம் காட்டும்போது சிறுநீரையும் பார்க்கணுமா என்று கேட்டுவிடுங்கள்.