சர்வர் அறைத் தீப்பாதுகாப்பு: சிலிண்டரை நம்பிச் செய்யும் தவறுகள்

புதுச்சேரியில் பழைய வீடுகளை அலுவலகமாக்கியவர்கள், சன்னல் இல்லாத உள்ளறை ஒன்றைத்தான் பெரும்பாலும் சர்வருக்கு ஒதுக்குகிறார்கள். அண்மையில் நான் பார்த்த அத்தகைய ஓர் அறையில் தீயை அணைக்கும் எஃப்எம்-200 வாயு சிலிண்டர் சுவரோரம் முறையாக நிறுவப்பட்டிருந்தது. ஆனால் கதவுக்கு மேலிருந்த மரச்சட்ட வெண்டிலேட்டர் திறந்தே கிடந்தது. ஸ்பிளிட் ஏசியின் செம்புக்குழாய் செல்லும் ஓட்டையைப் பழைய செய்தித்தாளால் அடைத்திருந்தார்கள்.

நான் அடிக்கடி காண்பதும் மிகக் கேடானதும் இந்தத் தவறுதான். அந்த வாயு அறைக் காற்றில் ஏறக்குறைய 7 விழுக்காடு அளவுக்குக் கலந்து, பொதுவாகக் குறைந்தது 10 நிமிடமாவது தங்கினால்தான் தீ அணைந்து மீண்டும் பற்றாமல் இருக்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால், மேலே வெண்டிலேட்டர் வழியாக வெளிக்காற்று புகப் புக, கீழே கதவிடுக்கு வழியாக வாயு வடிந்துவிடும். கதவில் விசிறி பொருத்திக் கசிவை அளக்கும் சோதனை இதற்காகவே இருக்கிறது. அந்தச் சோதனையைச் சிலிண்டர் நிறுவிய நாளில் ஒருமுறை செய்துவிட்டு, பிறகு சுவரைத் துளைத்துப் புதிது புதிதாகக் கேபிள் இழுப்பதில் பயனில்லை.

அடுத்தது, யுபிஎஸ் பேட்டரிகளைச் சர்வருக்குப் பக்கத்திலேயே அடுக்குவது. கடலூரில் உப்புக்காற்று டெர்மினல்களை அரித்துவிடும். அரித்த இணைப்பில் மின்தடை கூடிச் சூடேறும். 2011 தானே புயலுக்குப் பின் நடந்ததைப் போல மின்சாரம் நாள்கணக்கில் நின்றுபோகும் ஊரில் பேட்டரியின் சுமையும் அதிகம். லித்தியம் அயான் பேட்டரி ஒன்று உள்ளுக்குள் கொதிக்கத் தொடங்கினால் வாயு அதைத் தடுக்காது. குளிர்விக்க நிறைய தண்ணீர் வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் அரசுத் தரவு மையத்தில், பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது பற்றிய தீ அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளை அழித்தது. அவற்றுக்கு வேறிடத்தில் பேக்கப் இல்லை. மாடியில் இன்னொரு சர்வரில் நகல் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாசலில் டிசிபி எனப்படும் உலர் ரசாயனப் பவுடர் தீயணைப்பானை மாட்டுவதும் தவறு. தீ அணையும், ஆனால் விசிறிகள் உறிஞ்சும் பவுடர் கடலோர ஈரத்தில் கசிந்து போர்டுகளை அரிக்கும். கையில் பிடித்து அடிக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானே இங்கு ஏற்றது. அதே வாயுவை ஆட்கள் வேலைசெய்யும் அறை முழுவதும் நிரப்பும் அமைப்போ உயிரைக் குடிக்கும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கத்திரி வெயிலில் ஏசி பழுதாகும் நாளில் கதவுக்குச் செங்கல்லை அண்டக்கொடுத்து, பக்கத்தில் மேசை விசிறியைச் சுழலவிடுகிறார்கள். ஏசி சரியான பிறகும் அந்தச் செங்கல் பல வாரங்கள் அங்கேயே கிடக்கிறது.