டோலோரெஸ் டெல் ரியோ: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மெக்சிகோ சினிமாவைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஹாலிவுட்டிலும் மெக்சிகோவிலும் நடித்த நடிகை டோலோரெஸ் டெல் ரியோவில்தான் தொடங்குகிறார்கள். பழைய ஆட்கள் விழுந்த அதே குழிகளில் புதியவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர்ப் பிழையெல்லாம் மறுவாசிப்பில் மாட்டிக்கொள்ளும், அவை கிடக்கட்டும்.

‘டெல் ரியோ’ பிறந்த வீட்டுப் பெயர் என்று நினைப்பது

1904இல் டுராங்கோவில் பிறந்தபோது அவர் அசுன்சோலோ குடும்பத்துப் பெண். 1921இல் ஹைமே மார்டினெஸ் டெல் ரியோவை மணந்தார். விவாகரத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் திரையில் நிலைத்துவிட்டது. ஆகவே ‘டெல் ரியோ குடும்பத்தில் பிறந்தவர்’ என்று எழுதாதீர்கள்.

கான் விருதை அவர் கையில் கொடுப்பது

இதுதான் எரிச்சலூட்டுவது. கான் என்பது பிரான்சில் நடக்கும் திரைப்பட விழா; தங்கப்பனை அதன் உச்ச விருது. ‘1943இல் மரியா காண்டெலாரியா படத்துக்காகத் தங்கப்பனை வென்ற நடிகை’ என்று ஒரே வரி. அதில் மூன்று பிழை.

முதலாவது ஆண்டு. படம் எடுக்கப்பட்டது 1943. மெக்சிகோவில் திரைக்கு வந்தது 1944 ஜனவரி. கான் விழா 1946. 1939 செப்டம்பரில் நடக்கவிருந்த முதல் விழாவைப் போர் நிறுத்திவிட்டதால்தான் இவ்வளவு இடைவெளி. படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் ஆண்டைப் போட்டுவிட்டு, அதையே விருது ஆண்டாகவும் வாசிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இரண்டாவது விருதின் பெயர். தங்கப்பனை 1955இல்தான் வந்தது. 1946இல் கொடுத்தது ‘கிராண்ட் பிரி’. அதையும் பதினோரு படங்கள் பகிர்ந்துகொண்டன. சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ அவற்றில் ஒன்று. இந்தியாவில் எழுதுகிறவர்களே இதைக் கவனிக்காமல் போவதுதான் வேடிக்கை.

மூன்றாவது, விருது யாருக்கு என்பது. கிராண்ட் பிரி படத்துக்கு. ஒளிப்பதிவு விருது கேப்ரியல் ஃபிகரோவாவுக்கு. அந்த ஆண்டு நடிகைக்கான விருதைப் பெற்றவர் பிரான்சின் மிஷேல் மோர்கன்.

இந்த ஒரு வரி தவறினால் கட்டுரையின் மற்ற ஆண்டுகளையும் வாசகர் நம்பமாட்டார். இப்படி எழுதினால் போதும்: ‘அவர் நடித்து, எமிலியோ ஃபெர்னாண்டஸ் இயக்கிய மரியா காண்டெலாரியா, 1946 கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்ற பதினோரு படங்களில் ஒன்று.’ நடிப்புக்கான விருதைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் மெக்சிகோவின் ஏரியல் திரைப்பட விருது இருக்கிறது. மூன்று முறை வாங்கியிருக்கிறார்.

நாப்கின் கதை

டெல் ரியோவுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கக் காசில்லாத ஃபெர்னாண்டஸ், உணவக நாப்கின்களில் இந்தப் படத்தின் கதையை எழுதிக் கொடுத்தாராம். ‘கொடுத்தாராம்’ என்பதில் உள்ள அந்த ‘ஆம்’ முக்கியம்: இது கேள்விப்பட்ட கதைதான்.

பேசும் படம் அவரை முடித்துவிட்டது என்பது

இல்லை. 1933இல் ‘ஃப்ளையிங் டவுன் டு ரியோ’. சுவரொட்டியில் முதல் பெயர் அவருடையது. ஃப்ரெட் ஆஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் முதன்முதலில் சேர்ந்து ஆடியதும் அந்தப் படத்தில்தான்.

மெக்சிகோ திரும்பியதும் ஹாலிவுட் கதவு மூடியது என்பது

பாதி உண்மை. 1954இல் ‘புரோக்கன் லான்ஸ்’ படத்துக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அந்த வேடம் கேட்டி ஹுராடோவுக்குப் போய், ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. ஆனால் 1960இல் ‘ஃப்ளேமிங் ஸ்டார்’ படத்தில் எல்விஸ் பிரெஸ்லிக்கு அம்மாவாக நடித்தவர் டெல் ரியோதான்.